சந்தனம் அடைத்த குழல்

தப்பாகத்தான் சொல்லப்போகிறோம், அதில் அன்னக்கொடிக்குச் சந்தேகமே இல்லை. தனுஷ்கோடி வந்து நின்று, "என்னக்கா, முடிஞ்சதா?" என்று கேட்பான். அவள் வாயைத் திறந்ததும் முதலில் வரவேண்டியது பின்னால் போய்விடும், கடைசியில் வரவேண்டியது முந்திக்கொண்டு வந்து நிற்கும். மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லுவாள், துப்பாக்கிக்கட்டைக்குத் தேய்த்த ஆளிவிதை எண்ணெயைப் பற்றிச் சொல்லுவாள், தோட்டா என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் அவன் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போயே விடுவான். சிறுத்தை ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இப்படித்தான். வனத்துறைக்காரரிடம் வேலிமுள் சாய்ந்து கிடந்ததிலிருந்து ஆரம்பித்தாள். அவர், இவள் வேலிக்காக வந்து நிற்கிறாள் என்று நினைத்து, "இதெல்லாம் பஞ்சாயத்துல சொல்லும்மா" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். "வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிப்பா, தலை வந்து சேர்றதுக்குள்ள மாடு படுத்துரும்" என்று புருஷன் சன்னாசி மேல்கானல் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும். ஆடு போனதுக்குச் சிரிக்கலாம். இது ஆடு இல்லை. இது அவள் மடியில் குறுக்காகக் கிடக்கிறது, கட்டை வலது தொடைப்பக்கம், குழலின் வாய் இடதுபக்கம் வாழைத்தோப்பைப் பார்த்து. வாழைத்தோப்பில் யாரும் இல்லை. இல்லை என்று எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்துக்கு முன் இலை அறுக்க யாரோ போன மாதிரி இருந்தது. கீழே வைத்துவிடலாம். வைக்கும்போது இடித்துவிட்டால்? கல்தரை. கொல்லைப்புறம் முழுக்கக் கல்லைப் பாவியது சன்னாசிதான், காப்பிக்கொட்டை காயப்போட வசதியாக இருக்கும் என்று. இப்போது இந்தக் கல் எதற்கும் உதவாத கல்லாக அவளைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. கால் மரத்துப்போனது. பெருவிரலை அசைத்தாள். துப்பாக்கியும் லேசாக அசைந்தது, விரலை நிறுத்திக்கொண்டாள்.

எவ்வளவு அழகாக வந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். தனுஷ்கோடி பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்து போட்டபோது விறகுக்கட்டை மாதிரி இருந்தது, அடுப்படிக் கரியும் பிசுக்கும் ஏறி. "அக்கா ஞாபகமா இதை நீங்கதான் சரிபண்ணணும், உங்க கைபட்டாத்தான் அதுக்கு மரியாதை, வருசம் திரும்புற அன்னிக்கு ஒரே ஒரு வெடி, அப்பாவுக்குப் போட்ட மாதிரி" என்றான். அவன் அக்கா, போன வருஷம் செத்துப்போன இந்திராணி. இந்திராணியின் அப்பா வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து வாங்கிய ரைஃபிள், அப்பாவுக்குப் பின் மகனுக்குப் போகாமல் மகளுக்கு வந்தது, ஏனென்றால் காப்பித்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது மகள், மகன் தனுஷ்கோடி வத்தலக்குண்டில் டயர்க்கடை வைத்திருந்தான். புருஷன் வேண்டாம் என்று திரும்பி வந்து, ஒற்றை ஆளாகத் தோட்டத்தில் இருந்து, பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, யானை வந்தால் ஒரு வெடி, லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் ஆபீசில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் இந்திராணி. அன்னக்கொடி பக்கத்தில் நிற்பாள். உட்கார் என்று இந்திராணி கையைப் பிடித்து இழுப்பாள், உட்கார மாட்டாள். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் காப்பிப்பழம் பறிக்க வந்தவளுக்கு அந்த மாதிரி நாற்காலியில் முதுகு பொருந்தாது. ஆனால் துப்பாக்கியைத் துடைக்கும்போது மட்டும் இரண்டு பேரும் ஒரே சாக்கில் எதிரெதிராக உட்கார்ந்து துடைத்தார்கள், இந்திராணி குழலை, இவள் கட்டையை. கட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு இடத்தில் மரத்தின் ரேகை தண்ணீர் சுழித்த மாதிரி இருக்கும். இந்தத் தடவை கரியைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துணியில் எண்ணெய் தொட்டுத் தொட்டு நாள் கணக்கில் தேய்த்ததில் அந்தச் சுழி திரும்ப வந்துவிட்டது. வந்த அன்று அழுதாள். சன்னாசி எட்டிப் பார்த்து, "கட்டையைப் பார்த்தெல்லாமா அழுவாங்க" என்றான். குழலின் துருவையும் மண்ணெண்ணெயும் தேங்காய்நாருமாக உரசி எடுத்துவிட்டாள். எல்லாம் முடிந்தது. பின்பக்கத்தில் தோட்டா போடுகிற இடத்தை மூடியிருக்கும் அந்தப் போல்ட் மட்டும், கைப்பிடி வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சனியன் மட்டும், மேலே தூக்கினால் தூக்க மாட்டேன் என்கிறது. அதைத் திறந்துவிட்டால் வேலை தீர்ந்தது என்றுதான் மத்தியானம் சாப்பிட்டதும் உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய் ஊற்றினாள். ஊறவிட்டாள். கையால் முயன்றாள். அப்புறம் குழவியை எடுத்தாள். இஞ்சி நசுக்குகிற சின்னக் குழவி. துணியைச் சுற்றி, கைப்பிடியைக் கீழிருந்து மேலே தட்டினாள். தட்டித் தட்டிக் கை சலித்து, சரி, அதற்குள் குழலின் உள்பக்கத்தையாவது துடைப்போம் என்று நீளக் கம்பியில் துணி சுற்றி வாய்வழியாக விட்டாள்.

பாதியில் கம்பி நின்றது. அழுத்தினாள், நகரவில்லை. இழுத்துப் பார்த்தால் துணி நுனியில் மஞ்சளாகப் பொடி. துரு செம்மண் மாதிரி இருக்கும், இது மஞ்சள். மூக்கருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெய் வாடைக்கு அடியில், மெலிதாக, சந்தனம். அந்த வாடைதான் எல்லாவற்றையும் கொண்டுவந்தது. ஆயுதபூசைக்கு இந்திராணி வீட்டில் அரிவாள், கவாத்துக்கத்தி, மருந்தடிக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். துப்பாக்கிக்கு மட்டும் பொட்டு போதாது, வாயை அரைத்த சந்தனத்தால் அடைத்துக் குங்குமம் வைக்கவேண்டும். அன்றைக்கு ஒருநாள் அது வாயைத் திறக்கக்கூடாது, அது அந்த வீட்டு வழக்கம். மறுநாள் காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே இந்திராணி கொண்டை ஊசியால் அதைத் தோண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, "ம், இனி நீ பேசலாம்" என்பாள். போன வருஷம் சந்தனம் வைத்தார்கள். வைத்தது அன்னக்கொடிதான், இந்திராணி கட்டிலில் படுத்தபடி இன்னும் கொஞ்சம் அழுத்து என்று சொன்னாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றினார்கள். யார் தோண்டினார்கள்? யாரும் தோண்டவில்லை. கார்த்திகை மழையில் இந்திராணியைத் தூக்கினபோது தனுஷ்கோடி துப்பாக்கியை எடுத்து வந்தான், வாயில் சந்தனம் காய்ந்து கல்லாக இருந்தது, யாரோ, "அடைச்சிருக்குப்பா" என்றார்கள், அவன் பக்கத்தில் நின்றவர் குடையைப் பிடுங்கி அதன் கம்பியால் உள்ளே குத்தினான். வெளியே எடுக்கவில்லை. உள்ளே குத்தித் தள்ளினான். பொடி கொஞ்சம் அவன் கால்விரலில் விழுந்ததை அன்னக்கொடி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அழுகைக்கு நடுவே அது ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. அப்புறம் தோட்டாவைப் போட்டான். போட்டானா? போட்டான். பித்தளை மினுங்கியது, மழைத்துளி பட்டு. மேலே தூக்கினான். விசையை இழுத்தான். டிக் என்றது. அவ்வளவுதான். பெண்கள் வாயில் கைவைத்தார்கள். அவளுக்கு இந்த வெடிகூடக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஒரு கிழவி ஆரம்பித்தாள். தப்புக்கொட்டு எழும்பியது, தூக்கிவிட்டார்கள், தனுஷ்கோடி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தான். "நனைஞ்சிருந்துச்சுக்கா, அப்படியே நல்லெண்ணெயை ஊத்தி அடுப்புக்கு மேல மாட்டிட்டேன், துருப்பிடிக்காதுல்ல" என்று இதைக் கொண்டுவந்த அன்று அவனே சொன்னான். அப்படியே. அப்படியே என்றால் திறக்காமல். திறக்காமல் என்றால் அந்தத் தோட்டா. நல்லெண்ணெயும் புகையும் சேர்ந்து பிசினாக இறுகி அந்தப் போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதற்குள்ளே வெடிக்காமல் போன தோட்டா உட்கார்ந்திருக்கிறது, அது செத்துப்போனதா தூங்குகிறதா, அதன் மண்டைக்குப் பின்னால்தான் இவ்வளவு நேரமும் இஞ்சிக்குழவியால் தட்டிக்கொண்டிருந்தாள், தொடையில் வைத்து, குனிந்து, முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்.

கை அப்போது நின்றது. நின்ற கை நின்றபடியே இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, வெயில் கல்தரையின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய்விட்டது. இந்திராணி மேல்தான் கோபம் வருகிறது. நீ இருந்தால் இது நடக்குமா, நீ ஏன் அந்தக் கொண்டை ஊசியை என்னிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறவில்லை, எல்லாவற்றையும் சொல்லுவாயே, எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விடு, பால்காரனிடம் சொல்லு, பூனைக்கு வை என்று கார்க்கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, இதைச் சொல்லவில்லையே. அடுத்த நிமிஷம் கோபம் தன் மேல் திரும்புகிறது, அப்புறம் தனுஷ்கோடி மேல், அப்புறம் அந்தக் குடைக்காரர் மேல், குடையை ஏன் கொடுத்தார். அப்புறம் எங்கேயும் போக இடமில்லாமல் மறுபடி போல்ட்டில் வந்து முட்டுகிறது. நாளைக் காலையில் இந்திராணியைப் புதைத்த இடத்தில், மேட்டில், எல்லோரும் கூடுவார்கள். படையல் போடுவார்கள். சின்னப் பிள்ளைகள் வெடிச்சத்தம் கேட்க முன்னால் வந்து காதைப் பொத்திக்கொண்டு நிற்கும். தனுஷ்கோடி கன்னத்தைக் கட்டையில் சாய்த்து ஒரு கண்ணை மூடுவான். குழல் பாதியில் அடைபட்டிருக்கிறது. முன்னால் போக வழியில்லாதது எங்கே போகும்? மேலூர்ப் பக்கம் ஒருவர் நாட்டுத்துப்பாக்கி குழல் பிளந்து தாடை இல்லாமல் இருந்ததை அவள் கல்யாணம் ஆன புதிதில் பார்த்திருக்கிறாள், துண்டை மூக்குவரை கட்டிக்கொண்டு டீ வாங்க வருவார், டீயைக் குடிக்க மறைவாகப் போவார். தனுஷ்கோடிக்கு இந்திராணியின் தாடை. அதே தாடை, நடுவில் குழியோடு.

"ஏ அன்னம், என்ன சிலையா உக்காந்துட்ட? காப்பித்தண்ணி உண்டா இல்லையா?" சன்னாசி தோட்டத்திலிருந்து வந்து கொல்லைக்கதவில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"அந்தப் பக்கமே நில்லுங்க. இங்க வராதீங்க."

"ஏன், சுட்டுருவியா?"

"விளையாடாதீங்க. இதுக்குள்ள..." என்று ஆரம்பித்தாள். பூசையன்னிக்கு என்றாள். சந்தனம் என்றாள். குடைக்கம்பி என்றாள். அவன் கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"யார் குடை?"

"குடை யாருதா இருந்தா என்னங்க!"

"நீதானே சொன்ன குடைன்னு." அவன் சிரித்தான். "அவந்தான் வரப்போறான்ல, அவன்கிட்ட குடுத்துட்டு எந்திரி. அவங்க வீட்டுத் துப்பாக்கி, அவங்க பாடு. நமக்கெதுக்கு?" என்று உள்ளே போய் அவனே காப்பி போட்டுக்கொண்டான், சட்டியை உருட்டுகிற சத்தம் கேட்டது. நமக்கெதுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கொடுத்துவிட்டு எழுந்து கையைக் கழுவினால் மண்ணெண்ணெய் வாடைகூடப் போய்விடும். ஓடையில் போட்டுவிட்டால் என்ன? ஓடையில் இப்போது முழங்கால் தண்ணீர், நாளைக்கே பிள்ளைகள் எடுத்துவிடும். புதைத்தால்? பன்றி தோண்டும், பன்றி தோண்டாவிட்டால் தனுஷ்கோடி தோண்டுவான், அவளையும் சேர்த்து. போல்ட்டை உடைத்துவிட்டால்? உடைப்பதும் தட்டுவதுதானே. காணாமல் போய்விட்டது என்று சொன்னால்? அவளால் காணாமல் போனது என்ற ஒரு பொய்யை ஒரு முழு நிமிஷம் தாங்க முடியாது, எந்த இடத்தில் என்று கேட்டதும் சரியான இடத்தைச் சொல்லிவிடுவாள். போலீஸ். அந்த எண்ணம் வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். போலீஸ் வந்தால் யார் துப்பாக்கி, லைசென்ஸ்காரி செத்து ஒரு வருஷமாக ஏன் ஒப்படைக்கவில்லை, உன் வீட்டுக்கு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது. தனுஷ்கோடியின் பேரை அவள் வாயால் சொல்லவேண்டும். துப்பாக்கி போனால் திரும்பாது. இந்தச் சுழியை, இவ்வளவு தேய்த்துக் கொண்டுவந்த இந்தச் சுழியை, எங்கேயோ ஒரு இருட்டு அறையில் மற்ற கம்பி தகரத்தோடு போட்டுவிடுவார்கள். வேண்டாம். தனுஷ்கோடியிடம் சொன்னால் போதும். அந்தப் பித்தளைத் தோட்டாவில் ஆரம்பிக்கவேண்டும். தம்பி, உள்ளே தோட்டா இருக்கு. அவ்வளவுதான், நாலு சொல். தம்பி, உள்ளே தோட்டா இருக்கு. தம்பி, உள்ளே. உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பைக் சத்தம் கேட்கிறவரைக்கும்.

"அடேங்கப்பா!" தனுஷ்கோடி கொல்லைவாசலிலேயே நின்றுவிட்டான். வெள்ளை வேட்டி, கையில் வாழைநார்க் கட்டு, நாளைக்குப் பந்தல் வேலை. "என்னக்கா இது, புதுப்பொண்ணு மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க! அக்கா பார்த்திருந்தா உங்களைத் தூக்கிச் சுத்தியிருக்கும்." அவன் கண் கலங்கியது. கண் கலங்கும் என்று அவள் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. அந்த நாலு சொல்லும் எங்கேயோ போய்விட்டன.

"போல்ட்டு வரல தம்பி."

"அதுக்கா இவ்வளவு சோகம்? குடுங்க."

"தொடாத!"

கத்திவிட்டாள். உள்ளே சன்னாசியின் டம்ளர் சத்தம் நின்றது.

"உள்ள தோட்டா இருக்கு. அன்னிக்குப் போட்டது. டிக்குன்னு மட்டும் கேட்டுச்சே, அது. எடுக்கவே இல்ல நீ."

சொல்லிவிட்டாள். சரியாகவே சொல்லிவிட்டாள். தனுஷ்கோடி நிதானமாகச் சிரித்தான்.

"அட, அது எனக்குத் தெரியாதா? நமுத்துப்போன தோட்டாக்கா அது. பழைய பொரி மாதிரி. மழையில நனைஞ்சது, பல்லால கடிச்சாக்கூட வெடிக்காது. திறந்து அதைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு போட வேண்டியதுதான்."

"குழலு அடைச்சிருக்கு. சந்தனத்தை நீ குடைக்கம்பியால உள்ள தள்ளுனல்ல? நடுவுல நிக்குது. கம்பி போகல."

"சந்தனந்தானே? வெடிச்சா ஊரே மணக்கும், அக்காவுக்கும் பிடிக்கும்." அவன் குனிந்து குழவியை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தான். "இதால தட்டுனா எப்படி வரும்? சுத்தியல் வேணும். ரெண்டே தட்டு."

"தம்பி, மூஞ்சி போயிரும். சொல்றதைக் கேளு. பிள்ளைங்க எல்லாம் நிக்கும்."

அவன் முகம் மாறியது. சிரிப்பு இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்தது. "அன்னிக்கு எடுப்புல வெடி போட முடியலன்னு இன்னிக்கு வரைக்கும் பேசுறாங்கக்கா. தம்பிக்காரன் ஒரு வெடிக்கு வக்கில்லாதவன்னு. நாளைக்கு நான் போட்டே ஆகணும்." பிறகு கொஞ்சம் தயங்கி, மெதுவாக, "உங்களுக்கு இதை வச்சுக்கணும்னு ஆசை இருந்தா நேரடியாச் சொல்லிருங்க. அதுக்காக இல்லாததைப் பேசாதீங்க" என்றான்.

மறுபடி வாயைத் திறந்தாள், கட்டை, சுழி, நான் எதுக்கு, என்று ஏதேதோ வந்தது. அவன் போன் அடித்தது. பந்தல்காரர். கம்பு பத்தவில்லையாம். "வந்துட்டேன்யா, அங்கேயே நில்லு" என்று சொல்லிக்கொண்டே பைக்குக்குப் போனவன் திரும்பிப் பார்த்து, "காலையில சுத்தியலோட வர்றேன். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும், ஆசை தீர வச்சுக்கங்க" என்றான்.

பைக் சரிவில் இறங்குகிற சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்தது. தப்பாகச் சொல்லிவிடுவோம் என்றுதானே இவ்வளவு நேரம் பயந்தாள். சரியாகச் சொல்லியும் இதுதான் நடந்தது. வேலிமுள்ளிலிருந்து ஆரம்பித்தாலும் ஒன்றுதான், சிறுத்தையிலிருந்து ஆரம்பித்தாலும் ஒன்றுதான், கேட்கிறவனுக்குத் தன் வெடிச்சத்தம் மட்டும்தான் கேட்கிறது. இந்திராணி சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா? அவளும் ஒரு அதட்டுப் போட்டிருப்பாள், அவன் வாயை மூடியிருப்பான், ஆனால் சுத்தியலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வேறு பக்கமாகப் போயிருப்பான். ரெண்டே தட்டு. அவன் காலையில் வருவான், சன்னாசி கதவைத் திறந்துவிடுவான், இவள் கத்துவாள், இரண்டு ஆம்பளைகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், முதல் தட்டு விழும். ஆசையாம். ஆசை. அந்த வார்த்தை முள் மாதிரி உள்ளே நின்றது, எடுக்க வரவில்லை. எடுக்க வராவிட்டால் கிடக்கட்டும் என்று தோன்றியது. அவன் முகத்தில் தாடை இருக்கட்டும். அந்தத் தாடையை வைத்துக்கொண்டு அவளைத் திட்டட்டும், அவள் வீட்டுப் பக்கம் வராமல் இருக்கட்டும், அவள் செத்தால் எட்டிப் பார்க்காமல் போகட்டும்.

அன்னக்கொடி எழுந்தாள். மரத்துப்போன கால் குத்தியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். துப்பாக்கியை இரண்டு கையிலும், தூங்குகிற பிள்ளையை வேறு பாயில் மாற்றுகிற மாதிரி தாங்கி, விசைப்பக்கம் விரல் போகாமல், வீட்டுக்குப் பின்னால் மலையை வெட்டி எடுத்த மண்சுவர் வரைக்கும் நடந்தாள். காப்பித்தொலி மூட்டை ஒன்று கிடந்தது. அதன் மேல் மெதுவாகக் கிடத்தி, குழலின் வாயை மண்சுவருக்கு நேராக வைத்தாள். கோழிகளை அந்தப் பக்கம் வராமல் விரட்டிக் கூட்டில் அடைத்தாள். சுழியின் மேல் ஒரு எண்ணெய்ப் பொட்டு நின்றது. முந்தானையால் துடைக்கப் போனவள் துடைக்காமல் கையை எடுத்துக்கொண்டாள். முன்பக்கம் வந்து சன்னாசியின் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் போலீசுக்கு நூறைப் போட்டாள்.

"என் வீட்டுல ஒரு துப்பாக்கி இருக்கு. உள்ள தோட்டா மாட்டியிருக்கு. வந்து எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

"எந்த ஊரும்மா? யார் துப்பாக்கி?"

"மேல்கானல். இந்திராணியோடது."

"அவங்ககிட்ட போனைக் குடுங்க."

"அவ இல்ல சார். நாளைக்கு வருசம் திரும்புது."

"அப்ப இப்ப யார் பொறுப்புல இருக்கு?"

"என் பொறுப்புல. என் பேர் அன்னக்கொடி, புருஷன் பேர் சன்னாசி. நான்தான் வச்சிருக்கேன்."

கண்ணை அகல விழித்துக்கொண்டு நின்ற சன்னாசி, "ஏய், உன் பேரை ஏன்டி சொன்ன? கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றான். "வெளிய வாங்க" என்று அவன் கையைப் பிடித்து இழுத்து, நாயை அவிழ்த்து அவன் கையில் கொடுத்து, முன்கதவையும் கொல்லைப்படலையும் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலிருந்தும் கீழிருந்தும் யார் வந்தாலும் தன்னைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும் என்கிற இடம் பார்த்து, பாதையின் நடுவில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.